திரும்பி வராத தட்டுகள்

லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் கீழே பிரியாணிக் கடை, மேலே ஜலாலுதீனின் பழைய இசைத்தட்டுக் கடை. படியேறும்போதே பாதிப் பேர் பசியெடுத்துத் திரும்பிவிடுவார்கள். மீதிப் பேருக்கு மூச்சு வாங்கும். அதையும் தாண்டி மேலே வருகிறவர்தான் உண்மையான ரசிகர் என்று ஜலாலுதீன் சொல்லிக்கொள்வார். லிஃப்ட் இல்லாத கடைக்காரர் வேறு என்னதான் சொல்வார்?

வீடு மாறுகிறவர்களும், பெற்றோரின் சாமான்களை ஒழிக்கிறவர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிளமெண்டியிலும் குவீன்ஸ்டவுனிலும் மாடி மாடியாக ஏறி இறங்கிப் பெட்டி பெட்டியாகத் தட்டுகளை வாங்கி வருவார். வாங்கியதை உடனே விற்றுவிட மாட்டார். சனிக்கிழமைதான் சோதனை நாள். கடைக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டையும் துடைத்து, இரண்டு பக்கத்தையும் முழுசாக ஓடவிட்டுக் கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரு சின்னச் சீட்டில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதி உறையின் மூலையில் ஒட்டுவார். சுத்தம், அல்லது சுமார், அல்லது மோசம். நாலாவது வார்த்தைக்கு அந்தக் கடையில் வேலை இல்லை.

அந்தச் சீட்டுக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. ஜொகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கூப்பிடுகிறவர்கள் தட்டின் படத்தைக்கூடக் கேட்க மாட்டார்கள். "பாய், சீட்டுல என்ன போட்டிருக்கீங்க?" என்பார்கள். சுத்தம் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். சீட்டில் சொல்லாத இரைச்சல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டு அப்படித் திரும்பி வரும். இந்த இரண்டு ஆண்டுகளாக ஒன்றுகூட வரவில்லை.

ஜலாலுதீனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "வயசாக ஆக எல்லாருக்கும் காது மந்தமாகும். எனக்குப் பாம்புக் காதா ஆயிட்டு வருது லா" என்று படியேறி வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வீட்டில் அவர் மனைவி நூருன்னிசா சொல்லும் கதையே வேறு. மைக்ரோவேவ் கீச் கீச்சென்று கத்தினாலும் மனிதர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சூடாகிவிட்டதா என்று கேட்பார். சொன்னால், "எனக்கு வேண்டாததெல்லாம் கேக்காது" என்று சிரிப்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் காதும் அந்த வகையில் சேர்த்தி.

சனிக்கிழமை தவறாமல் வருகிறவர் செல்லக்கண்ணு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயிலேறி வருவார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டார். நல்ல நல்ல தட்டுகள் ஓடும்போது பேசாமல் இருப்பார். திடீரென்று ஏதோ ஒரு உதவாக்கரைத் தட்டு ஓடும்போது, "பாய், இது எனக்கு. எடுத்து வைங்க" என்பார். சீன ஓபராவா, வேண்டும். ராணுவ பேண்டு வாத்தியமா, வேண்டும். குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் தட்டைக்கூட ஒரு தடவை வாங்கிப் போனார்.

"செல்லக்கண்ணு, உங்களுக்கு ரசனையே கிடையாதா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொல்றது உங்களைத்தான்" என்று ஜலாலுதீன் கடை நிறைய ஆள் இருக்கும்போதே கிண்டல் செய்வார். செல்லக்கண்ணுவும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை செல்லக்கண்ணு வரவில்லை. ஜொகூரில் தங்கை மகள் கல்யாணம். அன்றைக்கு ஜலாலுதீன் போட்டுப் பார்த்துச் சுத்தம் என்று சீட்டு ஒட்டிய ஒரு வயலின் தட்டை ரித்திக் என்ற இளைஞன் வாங்கிப் போனான். ராஃபிள்ஸ் பிளேஸில் வேலை பார்க்கிறவன், கடைக்குப் புதியவன். அடுத்த சனிக்கிழமை அந்தத் தட்டோடு படியேறி வந்தான்.

"அங்கிள், இது ஃபுல்லா இரைச்சலா இருக்கு. ரிட்டர்ன் பண்ணலாம்னு சொன்னீங்களே."

ஜலாலுதீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஊசி பழசா இருக்கும் தம்பி."

"போன மாசம்தான் புது ஊசி மாத்தினேன்."

"கொடுங்க. இங்கேயே போட்டுப் பார்த்துடுவோம்."

தட்டை வைத்தார், ஊசியை இறக்கினார், கண்ணை மூடிக்கொண்டார். வயலின் பஞ்சு மாதிரி மெத்தென்று வந்தது. அதில் ஒரு குறையும் அவருக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து, வெற்றி பெற்றவர் போலக் கல்லாவுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"செல்லக்கண்ணு, நீங்க சொல்லுங்க லா. எப்படி இருக்கு?"

செல்லக்கண்ணு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு பாய். எனக்கு எடுத்து வைங்க."

"என்ன அங்கிள், விளையாடுறீங்களா? தகரக் கூரையில மழை பெய்யற மாதிரி இருக்கு!" என்றான் ரித்திக்.

அலமாரிப் பக்கம் வர்ஷா நின்றிருந்தாள். நாடக மேடைகளுக்கு ஒலி அமைக்கிற பெண், ஐந்தாறு வருஷமாக வருகிறவள். தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. ஜலாலுதீன் அதைக் கவனித்தார். காதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கண் அவருக்குக் கூர்மைதான்.

"வர்ஷா, இது உன் தொழில். நீ சொல்லும்மா. தம்பி சொல்றது சரியா?"

அவள் செல்லக்கண்ணுவைப் பார்த்தாள். செல்லக்கண்ணு வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையாட்டினார். அதையும் ஜலாலுதீன் பார்த்துவிட்டார்.

"அங்கிள், ஒரு சின்ன டெஸ்ட் பண்ணட்டுமா?" என்று கேட்டு வர்ஷா கைப்பேசியை எடுத்தாள். "இதுல ரொம்ப உச்சத்துல ஒரு சத்தம் வரும். கேட்டதும் கையைத் தூக்குங்க."

ஜலாலுதீன் தயாராக உட்கார்ந்தார். அவள் திரையைத் தொட்டாள். அவர் காத்திருந்தார். ரித்திக் முகத்தைச் சுளித்தான். செல்லக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டார். கதவோரம் நின்ற ஒரு சீனக் கிழவர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"போடும்மா. எதுக்கு வெயிட் பண்றே?" என்றார் ஜலாலுதீன்.

வர்ஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓடிக்கிட்டு இருக்கு அங்கிள்."

கடை நிசப்தமாக இருந்தது. அப்படி இருந்தது அவர் ஒருவருக்குத்தான் என்பது அந்த முகங்களைப் பார்த்தபோது அவருக்குப் புரிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டு தேய்ந்து பொரிகிற சத்தமும், உயர்ந்த சுரங்கள் கிழிகிற சத்தமும் எந்தச் சுருதி உயரத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அந்த உயரத்தில் அவருக்கு இப்போது ஒன்றுமே கேட்பதில்லை.

முதலில் ரித்திக்கின் பணத்தை எடுத்து நீட்டினார். அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பரவாயில்ல அங்கிள், நானே வச்சுக்கறேன்" என்றான்.

"வேணாம் தம்பி. இந்தக் கடையில உண்மையைச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். நல்லா இருங்க" என்று அவன் கையில் திணித்தார். பிறகு செல்லக்கண்ணு பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும் பாய்."

"உனக்கும் தெரியுமா வர்ஷா?"

"தெரியும் அங்கிள். ரெகுலரா வர்ற நிறைய பேருக்குத் தெரியும். யாருக்கும் சொல்ல மனசு வரல."

ஜலாலுதீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு வருஷமா பாம்புக் காதுன்னு பீத்திக்கிட்டு இருந்தேன். எல்லாரும் கேட்டுட்டு, கீழே போய்ச் சிரிச்சீங்களா? இந்தச் சீட்டை நம்பி வாங்கறாங்களே, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? கடைக்கு முதலே என் பேச்சுதான். அதுவே பொய்யின்னா கடை எதுக்கு?"

அவர் பென்சிலைக் கல்லாவுக்குள் போட்டு மூடினார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார். "இன்னையோட கடை முடிஞ்சுது. செல்லக்கண்ணு, உங்க வீட்டுக்குப் போவோம் வாங்க. உங்ககிட்ட நான் வித்த ஓட்டைத் தட்டையெல்லாம் திருப்பி எடுத்துக்காம எனக்குத் தூக்கம் வராது."

"எதுக்கு பாய் அதெல்லாம்? வீடு வேற சுத்தமா இல்ல" என்று செல்லக்கண்ணு மழுப்பிப் பார்த்தார். நடக்கவில்லை.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறியதிலிருந்து புக்கிட் பாஞ்சாங்வரை ஜலாலுதீன் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். விற்ற தட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பினாங்குக்கு அனுப்பியது, கல்யாண நாள் பரிசு என்று ஒரு பெண் வாங்கிப் போனது, எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தில் சுத்தம் என்று இருக்கிறது.

செல்லக்கண்ணுவின் வீடு சொன்னதற்கு மாறாகச் சுத்தமாகவே இருந்தது. கூடத்தில் ஒரு பிளேயர், பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி. ஜலாலுதீன் அலமாரியை அலசினார். எல்லாம் நல்ல தட்டுகள். தேர்ந்தெடுத்த சங்கீதம், ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு ரசனை உள்ள மனிதர் சீன ஓபராவை எதற்கு வாங்கினார் என்று முதல் தடவையாக அவருக்குச் சந்தேகம் வந்தது.

"நான் வித்ததெல்லாம் எங்கே?"

செல்லக்கண்ணு தயங்கித் தயங்கிச் சமையலறைப் பக்கம் போய், பாம் ஷெல்டரின் கனத்த இரும்புக் கதவைத் திறந்தார். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று வீட்டுக்குள்ளேயே கட்டிய அந்த அறையில் மற்றவர்கள் அரிசி மூட்டையும் சைக்கிளும் வைத்திருப்பார்கள். செல்லக்கண்ணு இடுப்பளவுக்குத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். ராணுவ பேண்டு, ஹவாயன் கிட்டார், ஆங்கிலப் பாடம், எல்லாம் அங்கே இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் சுத்தம் என்ற சீட்டு. ஒன்றையாவது அவர் உறையிலிருந்து எடுத்த மாதிரி தெரியவில்லை.

ஜலாலுதீனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மொத்தமும் விளங்கியது.

"இரைச்சல் கேட்ட தட்டையெல்லாம்... நீங்களே..."

"முதல் தடவை திருப்பிக் கொடுக்கத்தான் பாய் வந்தேன்" என்றார் செல்லக்கண்ணு, கதவைப் பிடித்துக்கொண்டே. "அன்னிக்கு நீங்க வேற ஒண்ணு போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அது அதைவிட மோசம். நீங்க கண்ணை மூடி ரசிச்சுக்கிட்டு இருக்கீங்க. சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, வரல. அது வெளியே போனா உங்க பேரு கெட்டுடுமேன்னு, எனக்குன்னு சொல்லி வாங்கிட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. போன வாரம் கல்யாணத்துக்குப் போனதுல ஒண்ணு தப்பிச்சிட்டுது."

"பினாங்குக்குப் போனதெல்லாம்?"

"சனிக்கிழமை நான் இருந்தா, கெட்டது ஒண்ணும் போகாது. உங்க சீட்டு பொய் சொல்லல பாய். என்னால முடிஞ்ச வரைக்கும் சொல்ல விடல."

"எதுக்குய்யா உங்களுக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு பாரம்?" என்றார் ஜலாலுதீன். "உங்களைக் கழுதைன்னு ஊர் முன்னாடி சொன்னேனே!"

"அட, அதை விடுங்க லா. உங்க கடை மூடிட்டா சனிக்கிழமை நான் எங்கே போறது?"

ஜலாலுதீன் அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கற்பூர வாசனை தெரியாத கழுதை யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ரயிலில் சேர்த்து வைத்திருந்த கோபமும் அவமானமும் எங்கே போயின என்றே தெரியவில்லை. தன்னை வைத்து ஊரே சிரித்தது என்று நினைத்தாரே, ஊரே சேர்ந்து தன் பேரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது! கூடப் பிறந்தவன் செய்வானா இதை? "உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் செல்லக்கண்ணு" என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் கையை விடவில்லை.

அதற்குள் லுஹர் என்கிற மத்தியானத் தொழுகை நேரம் வந்துவிட்டது. செல்லக்கண்ணு பீரோவிலிருந்து சலவை மடிப்புக் கலையாத ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வந்து கூடத்தில் விரித்தார். மேற்கு எந்தப் பக்கம் என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரரைக் கேட்டும் வந்தார். ஜலாலுதீன் கை கால் முகம் கழுவி ஒளூ செய்துவிட்டுத் தொழுதார். கடையைக் காப்பாற்று, காதைத் திருப்பிக் கொடு என்று அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழும் ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

தேநீர் குடித்ததும் ஜலாலுதீன் ஷெல்டருக்குள் போய் ஒரு தட்டை எடுத்து வந்தார். "இதைப் போடுங்க. எங்கே இரைச்சல் வருதுன்னு எனக்குக் காட்டுங்க."

செல்லக்கண்ணு ஊசியை இறக்கினார். பாட்டு தொடங்கியது. கொஞ்சம் போனதும் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். இரைச்சல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாட்டு மட்டும் ஓடுகிற இடத்தில் விரலை இறக்கினார், மறுபடியும் தூக்கினார். ஜலாலுதீன் அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்தபோது அந்தத் தட்டு எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. சீட்டைக் கிழித்துவிட்டு, செல்லக்கண்ணுவிடம் பேனா வாங்கி வேறு சீட்டு எழுதினார்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது நூருன்னிசா ஆச்சரியப்படவேயில்லை. "மைக்ரோவேவ் கூப்பிட்டா வராத ஆளு ரெக்கார்டு சரி பார்க்கறாராம்! நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். போனார்கள். பேச்சுக்கு ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம், அந்த மெல்லிய சத்தங்களுக்கு அது அவ்வளவாக உதவாது என்றார் மருத்துவர். ஜலாலுதீன் சரி என்று கேட்டுக்கொண்டு வந்தார். தட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். என் காது பழுதாகிவிட்டது, சுத்தம் என்று நான் எழுதியதில் இரைச்சல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தாருங்கள், இனிமேல் என் கடையில் சீட்டு எழுதப்போவது என் காது இல்லை என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை ஷட்டர் ஏறியது. செல்லக்கண்ணு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளேயருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். வர்ஷா வந்தாள். ரித்திக்கும் வந்தான். செல்லக்கண்ணு வராத அந்தச் சனிக்கிழமை வாங்கிய இரண்டு தட்டுகளை வர்ஷா மேசைமேல் வைத்து, "இது ரெண்டும் உண்மையிலேயே தாங்கல அங்கிள்" என்று சொன்னாள். ஜலாலுதீன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

சோதனை தொடங்கியது. தட்டு ஓடியது, செல்லக்கண்ணுவின் விரல் ஏறி இறங்கியது, ஜலாலுதீன் விரலைப் பார்த்து எழுதினார். நடுவில் அவர் ரொம்ப ஆசைப்பட்டு வாங்கி வந்த ஒரு வீணைத் தட்டு வந்தது. உறை புத்தம் புதிதாக இருந்தது, தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் மனசுக்குள் சுத்தம் என்று எழுதியே விட்டார். செல்லக்கண்ணுவின் விரல் முதல் பாட்டில் எழுந்ததுதான், இறங்கவேயில்லை.

"செல்லக்கண்ணு, கை வலிச்சா கீழே வைங்க. இது அப்படி இருக்க முடியாது."

"கை வலிக்கல பாய். தட்டு மோசம்."

"சுமார்னு போடலாமா?"

"மோசம்."

ரித்திக்கும் வர்ஷாவும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஜலாலுதீன் பெருமூச்சு விட்டு மோசம் என்று எழுதி ஒட்டினார். ஒட்டிவிட்டுப் பழக்க தோஷத்தில் செல்லக்கண்ணுவைப் பார்த்தார், எனக்கு எடுத்து வைங்க என்று சொல்வார் என்பதுபோல. செல்லக்கண்ணு அடுத்த தட்டைப் போடச் சொன்னார்.

மத்தியானம் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு செல்லக்கண்ணு புறப்பட்டார்.

"ஒண்ணும் வேணாமா?" என்று கேட்டார் ஜலாலுதீன்.

"இன்னிக்கு வந்ததுல எனக்கு ஒண்ணும் பிடிக்கல பாய்."

ஜலாலுதீன் படிக்கட்டுவரை வந்து நின்றார். இத்தனை நாளும் சனிக்கிழமைதோறும் ஒரு பையைச் சுமந்துகொண்டு, பக்கச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிய மனிதர், இன்றைக்கு இரண்டு கையையும் வீசிக்கொண்டு இறங்கிப் போனார்.